36 ஃப்ரேமுக்குள் ஒரு காலை: தெருப் படங்களுக்கு வரம்பு வைத்துப் பழகுவது எப்படி?

கேள்வி: "ஞாயிறு காலையில் மயிலாப்பூர் மாட வீதிகளுக்குப் போனால் இரண்டு மணி நேரத்தில் 500 படம் எடுத்து வருகிறேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் தேறுவது ஒன்றோ இரண்டோ. பழைய ஃபிலிம் ரோல் மாதிரி 36 என்று வரம்பு வைத்துப் பழகச் சொல்கிறார்கள். உண்மையிலேயே பலன் உண்டா? என்னிடம் ஏபிஎஸ்-சி கேமராவும் (முழு ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார் கொண்டது), அதோடு சேர்ந்து வந்த 18–55 எம்எம் கிட் லென்ஸும் இருக்கின்றன. ஃபிலிம் கேமரா வாங்கித்தான் ஆக வேண்டுமா?"

பலன் உண்டு. ஆனால் எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் அது வந்துவிடாது. 500 படம் எடுப்பவர் எது படம், எது படமில்லை என்ற முடிவை வீட்டுக் கணினிக்குத் தள்ளிப்போடுகிறார். அங்கே உட்கார்ந்து என்ன கண்டுபிடித்தாலும் தெருவில் நின்ற இடத்தை மாற்ற முடியாது. அந்த முடிவைப் பட்டனை அழுத்துவதற்கு முன்பே எடுக்க வைப்பதுதான் வரம்பின் வேலை. அது நடக்க வேண்டுமானால் எண்ணிக்கையோடு இன்னும் மூன்று நிபந்தனைகள் சேர வேண்டும்: எடுத்ததைத் திரையில் பார்க்கக் கூடாது, எதையும் அழிக்கக் கூடாது, வைத்துக்கொண்ட எண்ணிக்கையை முழுவதும் செலவழித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். முதல் இரண்டும் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதை விட்டுவிடுகிறவர்கள்தான் பாதியில் வெறுத்துப்போகிறார்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஃபிலிம் கேமரா வாங்க வேண்டாம். ரோல் விலை, கழுவும் செலவு, ஸ்கேன் செலவு எல்லாம் ஒரு பக்கம். அதைவிட முக்கியம், படம் கைக்கு வருவதற்குள் நாளாகி, எங்கே நின்று எடுத்தோம் என்பதே மறந்துபோகும். அந்த இடைவெளியிலும் ஒரு நன்மை இருக்கிறது, ஆனால் அதை டிஜிட்டலிலேயே அளவோடு வைத்துக்கொள்ளலாம்.

36 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. ஜெர்மானியப் பொறியாளர் ஆஸ்கர் பார்னாக் வடிவமைத்து 1925இல் லைப்ஸிக் சந்தையில் அறிமுகமான லைக்கா கேமராவில் ஒரு ஃப்ரேமின் அளவு 24×36 மில்லிமீட்டர். அந்த 35 எம்எம் ஃபிலிமில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள சுருளில் 36 ஃப்ரேம் அடங்கும். அதைவிட அகலமான 120 ஃபிலிமைச் சதுர வடிவில் எடுத்தால் 12தான். பழக்கத்துக்கு இந்த இரண்டு எண்களுமே வசதியானவை. இரண்டு மணி நேர நடைக்கு 36, ஒரே முனையில் ஒரு மணி நேரம் நிற்பதற்கு 12.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வரம்பு எல்லோருக்கும் ஏற்ற மருந்து இல்லை. கேமரா கைக்கு வந்து சில மாதங்களே ஆனவர் எண்ணாமல் எடுக்கட்டும். ஷட்டரும் வெளிச்சமும் கைக்குப் பழகவே பல நூறு படங்கள் தேவை. கூச்சத்தினால் ஒரு காலையில் பத்துப் படம்கூட எடுக்காதவருக்கு மேல்வரம்பு வைப்பது இருக்கும் தயக்கத்துக்கு ஒரு நல்ல சாக்கைக் கொடுப்பதாகும். அவருக்குத் தேவை கீழ்வரம்பு: 36 எடுக்காமல் வீடு திரும்பக் கூடாது. உங்களைப் போல 500 எடுப்பவருக்குத்தான் மேல்வரம்பு.

கேமராவைத் தயார் செய்வது

டிரைவ் மோடு சிங்கிள், அதாவது ஒரு அழுத்துக்கு ஒரு படம். தொடர்ச்சியாகப் படம் எடுத்துத் தள்ளும் பர்ஸ்ட்டை மறந்துவிடுங்கள். எடுத்தவுடன் படத்தைக் காட்டும் இமேஜ் ரிவ்யூவை மெனுவில் ஆஃப் செய்யுங்கள். திரையை மடக்க முடியும் என்றால் உள்பக்கமாகத் திருப்பி மூடிவிட்டு வ்யூஃபைண்டரில் மட்டும் பாருங்கள். மின்னணு வ்யூஃபைண்டர் உள்ள கேமராக்களில் ரிவ்யூ ஆஃப் ஆகாவிட்டால் எடுத்த படம் கண்ணுக்குள்ளேயே ஒரு நொடி வந்து நிற்கும். அந்த ஒரு நொடியில்தான் எதிரே அடுத்தது நடந்து முடிந்திருக்கும்.

எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள்ளப் பார்க்காதீர்கள். பத்துக்கு மேல் குழம்பிவிடும். நல்ல வழி சிறிய மெமரி கார்டு. 24 மெகாபிக்சல் கேமராவில் சுருக்கப்பட்ட ரா ஃபைல் (சென்சாரின் மூலப் பதிவு) ஒன்று சுமார் 25 எம்பி வரும். பழைய 1 ஜிபி எஸ்டி கார்டை ஃபார்மட் செய்து போட்டால் மீதி 36, 38 என்று கேமராவே காட்டும், ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டும் வரும். சுருக்காத ரா என்றால் 2 ஜிபி. பழைய கார்டு கிடைக்கவில்லையா? மெனுவில் ஃபைல் நம்பரிங்கை ரீசெட் என்று வைத்து ஃபார்மட் செய்யுங்கள், எண் 0001இலிருந்து தொடங்கும். போனில் எடுப்பவர்களுக்குப் பூஜைப் பொருள் கடைகளில் நாம ஜபத்துக்காக விற்கும், விரலில் மாட்டும் சின்ன கவுண்டர் போதும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அழுத்து.

கைதவறி அழுத்தியதும் கணக்கில் சேரும். சேர்த்தால்தான் கேமராவைத் தோளில் தொங்கவிடும்போது ஆஃப் செய்கிற பழக்கம் வரும். வீட்டு வாசலில் வெளிச்சம் சரிபார்க்க எடுக்கும் இரண்டு மூன்று படங்களை மட்டும் கணக்கிலிருந்து விட்டுவிடலாம்.

கிட் லென்ஸை 23 எம்எம்மில் வைத்து ஜூம் வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஏபிஎஸ்-சியில் அது 35 எம்எம் பார்வைக்குச் சமம். ஜூம் கையில் இருந்தால் கால் நகராது. ஃப்ரேம் எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது, எவ்வளவு தூரத்தில் நின்றால் எவ்வளவு அடங்கும் என்பது கேமராவைத் தூக்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரே குவியத் தூரத்தில் சில வாரங்கள் இருந்தாக வேண்டும்.

ஃபோகஸை முன்கூட்டியே பூட்டிவிடுங்கள். 23 எம்எம், லென்ஸ் திறப்பு எஃப்/8, ஃபோகஸ் 2 மீட்டர் என்றால் ஏறக்குறைய 1.25 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை தெளிவாக விழும். மாட வீதியின் நெரிசலில் நடப்பதெல்லாம் இந்தத் தூரத்துக்குள்தான். கிட் லென்ஸில் தூர அளவுகோல் இருக்காது. நிறுத்தி வைத்திருக்கும் ஒரு பைக்கின் நீளம் ஏறக்குறைய 2 மீட்டர். அந்தத் தூரத்தில் இருக்கும் எதையாவது ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றுங்கள். மிரர்லெஸ் கிட் லென்ஸ்கள் பலவற்றில் கேமரா தூங்கி எழுந்தால் இந்த ஃபோகஸ் போய்விடும். அதனால் ஆட்டோ பவர் ஆஃப் நேரத்தைக் கூட்டி வையுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மறுபடி ஒரு பைக்கைத் தேடுங்கள்.

ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே இறங்காதபடி ஆட்டோ ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறனைக் கேமராவே கூட்டிக் குறைப்பது), உச்சம் 6400. நடப்பவருக்கு 1/250 போதும் என்பார்கள். நீங்களும் நடந்துகொண்டே எடுத்தால் போதாது. வெயிலில் வெள்ளை வேட்டி வெளுத்துப் போகாமலிருக்க எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (கேமரா கணிக்கும் வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைப்பது) −0.7.

சென்னைக்கே உரிய இரண்டு தொல்லைகள் உண்டு. ஏசி அறையில் இரவு முழுக்க இருந்த கேமராவை விடிகாலை வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். துடைத்தாலும் திரும்பப் படியும். முந்தின இரவே பையை ஏசி இல்லாத அறையில் வையுங்கள், அல்லது பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள். இரண்டாவது, விடியுமுன் பூக்கடைகளில் எரியும் எல்இடி விளக்குகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். எலக்ட்ரானிக் ஷட்டரில் படம் முழுக்கக் கோடு கோடாக விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 அல்லது 1/50 வையுங்கள். அந்த வேகத்தில் நடப்பவர்கள் கலங்குவார்கள், உட்கார்ந்து பூக்கட்டுபவர் நிற்பார். வெளிச்சம் வந்ததும் 1/500க்குத் திரும்ப மறந்துவிடாதீர்கள்.

36ஐ எப்படிச் செலவழிப்பது

வரம்பு வைத்த முதல் சில நடைகளில் இரண்டு விதமாகத்தான் தப்பு நடக்கும். ஒன்று, முதல் கால் மணி நேரத்திலேயே கோபுரம், குளம், கோல மாவு, சிரித்தபடி போஸ் கொடுக்கும் பூக்காரம்மா என்று இருபது போய்விடும். எல்லாம் ஏற்கெனவே ஆயிரம் முறை வந்த படங்கள். இன்னொன்று, மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து இருபத்தைந்தை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவது. இந்த இரண்டாவதுதான் ஆபத்து. இதைவிட நல்லது வரும் என்று காத்திருப்பவர் மெல்ல மெல்ல நிச்சயமான படங்களுக்கு மட்டும் கேமராவைத் தூக்கத் தொடங்குவார். நிச்சயமான படம் என்றால் அசையாதது, தூரத்தில் இருப்பது, முதுகைக் காட்டிக்கொண்டு போவது. முழுவதும் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்காகத்தான்.

பிரித்துக்கொள்வது உதவும். முதல் அரை மணிக்கு 6. நடுவில் ஒரு மணி நேரத்துக்கு 20. கடைசி அரை மணிக்கு 10. தொடக்கத்தில் கை பரபரக்கும், கண் இன்னும் தெருவுக்குப் பழகியிருக்காது, அதனால்தான் 6. கடைசிப் பத்தைத் துணிந்து செலவழியுங்கள்: எதிர் வெளிச்சம், இன்னும் அரை மீட்டர் நெருக்கம், புரியாத ஆனால் கண்ணை இழுக்கும் ஏதாவது.

"ஒரு காட்சிக்கு ஒரே ஒரு படம்" என்றும் சிலர் சொல்வார்கள். அது தவறான கண்டிப்பு. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் போன்றவர்கள் ஒரு சொடுக்கில் முடித்துவிட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அவர் உட்பட அந்தத் தலைமுறையினரின் வெளியாகியுள்ள கான்டாக்ட் ஷீட்டுகளை (ஒரு ரோலின் படங்களை எடுத்த வரிசையிலேயே சிறிதாக அச்சிட்ட தாள்கள்) பார்த்தால், பல காட்சிகளில் நாலைந்து ஃப்ரேம்கள் வரிசையாக இருப்பதைக் காணலாம். ஒரு காட்சிக்கு அதிகபட்சம் 5 என்று வையுங்கள். அந்த ஐந்துக்குள் ஏதாவது மாறியிருக்க வேண்டும்: நிற்கும் இடம், உயரம், அல்லது எதிரே உள்ளவரின் செய்கை. மூன்றில் ஒன்றும் மாறாமல் மறுபடி அழுத்தினால் அது பயத்தில் எடுத்த நகல்.

தெற்கு மாட வீதியின் காய்கறிக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தரையில் சாக்கு விரித்துக் கீரைக்கட்டு, முருங்கைக்காய், வாழைப்பூ பரப்பியிருக்கிறார் ஓர் அம்மா. வாங்க வந்தவர் குனிந்து முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கிறார். பின்னால் மஞ்சள் ஆட்டோ, பக்கத்தில் மின்கம்பம். கண்ணில் பட்டவுடன் எடுத்தால், குனிந்தவரின் தலையிலிருந்து மின்கம்பம் முளைத்திருக்கும். 500 எடுப்பவர் இதை வீட்டில் போய்த்தான் பார்ப்பார். 36 எடுப்பவர் எடுக்காமல் ஒரு வியாபாரம் முடியும்வரை பார்க்க வேண்டும். பேரம், நிறுப்பது, பையில் போடுவது, காசு கை மாறுவது, மிச்சம் தேடி அம்மா சுருக்குப் பையைத் திறப்பது, கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அடுத்தவர் வந்ததும் இதே வரிசை திரும்ப வரும். கடைத்தெருவின் பெரிய வரம் இது. தவறவிட்டது சில நிமிடத்தில் வேறொரு முகத்தோடு திரும்ப வரும்.

இப்போது அரை அடி இடப்பக்கம் நகருங்கள். மின்கம்பம் தலையை விட்டு விலகி இருவருக்கும் நடுவே வந்து நிற்கும். முட்டி மடக்கி உட்காருங்கள். அம்மாவின் முகம் உங்கள் கண் மட்டத்துக்கு வரும். முதல் ஃப்ரேமை இங்கே செலவழிக்கலாம். அதன் பயன் முக்கியமாக அவர் உங்களைப் பார்த்துப் பழகுவது. அவர் தலையசைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிய பிறகு, காசு கை மாறும் நேரத்துக்கு இரண்டு, கொசுறு கொடுக்கும் நேரத்துக்கு ஒன்று. ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்திருங்கள். பல நேரம், படம் முடிந்தது என்று கேமரா இறங்கியவுடன் அவர் பக்கத்துக் கடைக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பார்.

திரும்ப வராதவையும் உண்டு: குழந்தை கையை உதறிவிட்டு ஓடுவது, மாடு வாழைப்பூவில் வாய் வைப்பது. அங்கே யோசனை வேண்டாம், உடனே இரண்டு. எது திரும்ப வரும், எது வராது என்று தெருவைப் பார்த்ததும் பிரிக்கத் தெரிவதுதான் இந்தப் பயிற்சியில் கிடைக்கும் பெரிய லாபம் என்பது என் கருத்து. 500 எடுப்பவருக்கு இந்தப் பிரிவே தேவைப்படாது. அதனால்தான் அவர் அதைக் கற்றுக்கொள்வதும் இல்லை.

வெளிச்சத்தையும் இப்படி முன்கூட்டியே கணக்கிடலாம். தெற்கு, வடக்கு மாட வீதிகள் இரண்டும் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் உதிக்கும். தெருவின் வடபுறத்தில் தெற்கு பார்த்து இருப்பவர்களின் முகத்தில் வெளிச்சம் விழும். வைகாசி, ஆனியில் வடகிழக்கில் உதிக்கும்; அப்போது தென்புறத்தில் வடக்கு பார்த்து இருப்பவர்களுக்கு வெளிச்சம். கோடையில் எட்டரை மணிக்கு மேல் வெயில் தலைக்கு ஏறிவிடும், கண் குழிகளில் நிழல் கட்டும். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் சென்னைக்கு நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நாட்களில் மிச்சமிருக்கும் ஃப்ரேம்களை நடுப்பகலுக்கு வைத்திருப்பது வீண். விடியலிலேயே முடித்துவிடுங்கள்.

எதிரே உள்ளவர் கையை உயர்த்தி வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள். எடுத்து முடித்த பிறகு சொன்னால் அழித்துவிடுங்கள். அழிக்கக் கூடாது என்ற விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. ஃப்ரேம் கணக்கு மட்டும் கணக்குதான். குழந்தைகளை நெருங்கி எடுக்கும்போது கூட இருக்கும் பெரியவரிடம் கேளுங்கள். கோயிலுக்குள் கேமராவை எடுக்கவே வேண்டாம். கோயில்களுக்குள் செல்போனுக்கே தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

கார்டைக் கழற்றி ஒரு வாரம் அப்படியே வையுங்கள். ஃபிலிமில் தானாகக் கிடைத்த இடைவெளி இதுதான். எடுத்த அன்றே பார்த்தால் அந்த அம்மாவோடு பேசிய மகிழ்ச்சி படத்துக்குள் இருப்பதாகத் தோன்றும். ஒரு வாரம் போனால் படத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும். நியூயார்க் தெருக்களை எடுத்த கேரி வினோகிராண்ட் எடுத்த ரோல்களை மாதக்கணக்கில் கழுவாமல் போட்டு வைத்ததும் இதற்காகவே. அதே வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது கழுவப்படாத ரோல்கள் சுமார் 2,500 இருந்தன. வரம்பே இல்லாமல் எடுத்து உச்சத்துக்குப் போனவரும் உண்டு, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பழகும் காலத்தில் இருப்பவருக்குத் தன் தவறைத் தானே பார்க்கும்படியான ஓர் அளவு தேவை. 36 அந்த அளவு.

ஒரு வாரம் கழித்து 36ஐயும், எடுத்த வரிசை மாறாமல், ஆறுக்கு ஆறாக ஒரே ஏ4 தாளில் அச்சிடுங்கள். புகைப்பட மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கின் பிரிண்ட் பகுதியில் இதற்கான அமைப்பு இருக்கிறது. ஒவ்வொன்றும் சுமார் 3 சென்டிமீட்டர் அகலம் வரும். இவ்வளவு சிறிதாக இருப்பது நல்லதுதான்: முகபாவமும் கூர்மையும் மறைந்து, கட்டமைப்பு மட்டும் தெரியும். பேனாவை எடுத்து ஒவ்வொரு ஃப்ரேமின் கீழும் ஓர் எழுத்து எழுதுங்கள். சீக்கிரம் அழுத்தியதற்கு சீ. தாமதத்துக்கு தா. தூரத்துக்கு தூ. பின்னணி தலையோடு ஒட்டிக்கொண்டதற்கு பி. ஏன் எடுத்தோம் என்றே தெரியாததற்கு ஏ. தேறியதைச் சுற்றி ஒரு வட்டம்.

ஒரு தாளில் ஒன்றும் தெரியாது. நாலைந்து தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏதாவது ஓர் எழுத்து மற்றவற்றைவிட நிறைய இருக்கும். அடுத்த மாதத்தின் வரம்பை அதுதான் தீர்மானிக்க வேண்டும். தூ நிறைய இருந்தால்: 12 ஃப்ரேம் மட்டும், எல்லாம் இரண்டு மீட்டருக்குள், ஃபோகஸை 1.5 மீட்டரில் பூட்டிவிட்டு. பி நிறைய இருந்தால்: ஒரே முனை, ஒரு மணி நேரம், 12 ஃப்ரேம், முதலில் பின்னணியைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஆட்கள் வந்து நிற்கக் காத்திருப்பது. சீயும் தாவும் சமமாகக் கலந்திருந்தால் 36லேயே இருங்கள், ஆனால் திரும்பத் திரும்ப நடக்கும் செய்கைகளை மட்டும் எடுங்கள்: டீ ஆற்றுவது, பூ அளப்பது, கடையின் ஷட்டர் கதவைத் தூக்குவது. ஏ நிறைய இருந்தால் வரம்பை 24 ஆக்கி, ஒவ்வொரு முறையும் கேமராவைத் தூக்குமுன் "கை", "நிழல்", "இரண்டு சிவப்பு" என்று காரணத்தை ஒரு சொல்லில் மனதுக்குள் சொல்லுங்கள். சொல் வராவிட்டால் நடையைக் கட்டுங்கள்.

எட்டு நடைகளுக்குப் பிறகு ஒரு காலை வரம்பே இல்லாமல் எடுங்கள். திரை அப்போதும் மூடியே இருக்கட்டும். அன்றைய எண்ணிக்கை தானாகவே 100, 150க்குள் நின்று, தாள்களில் வட்டங்களும் கூடியிருந்தால் வரம்பு தன் வேலையைச் செய்துவிட்டது. மறுபடி 500க்கு ஏறியிருந்தால் இன்னொரு எட்டு நடை. நிரந்தரமாக 36லேயே இருப்பதில் பொருளில்லை.

பங்குனியில் கபாலீஸ்வரர் கோயிலின் அறுபத்துமூவர் விழாவுக்குப் போகும் நாளில் மொத்த எண்ணிக்கையைக் கைவிட்டுவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் 36 ஃப்ரேம் பல்லக்குகள் தெரு முனை திரும்புவதற்குள் தீர்ந்துவிடும், மிச்ச நேரமெல்லாம் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். அன்றைக்கு ஒரு காட்சிக்கு 5 என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய கார்டும் இரண்டாவது பேட்டரியும் எடுத்துக்கொண்டு, ஃபோகஸை 1.5 மீட்டரில் பூட்டிவிட்டுப் போங்கள். 2 மீட்டர் இடைவெளி யாரும் தரமாட்டார்கள்.